ஏறப்போகிறவர்களின் ஊர்

பூரில் யூலை மாதம் விடிவது நாங்கள் வேலை செய்த தங்குவிடுதியின் குசினியில்தான். வெளியே மலை விளிம்பு கறுப்பாகவே இருக்கும். உள்ளே நாலரை மணிக்குப் பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதித்து மாக்கறோனி வெந்துகொண்டிருக்கும். ஐந்து மணிக்கெல்லாம் சைக்கிள்காரர் மாடியிலிருந்து இறங்கத் தொடங்குவார்கள். அவர்களுடைய சப்பாத்தின் அடியில் பெடலோடு கொழுவுகிற கட்டை ஒன்று இருக்கும். அது மரப்படியில் பட்டு எழுப்பும் டக் டக் சத்தம்தான் எங்களுக்கு மணி. ஒருவரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். தட்டை நிரப்பி, ஒலிவ் எண்ணெயும் உப்பும் விட்டு, ருசி பார்க்காமல் விழுங்கிவிட்டு எழும்புவார்கள். விடியற்காலையில் மாக்கறோனி தின்கிற சனத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"தம்பி, இவங்கள் இண்டைக்கு மூண்டு கணவாய் தாண்டித் திரும்பி வந்து, கடைசியா இந்த மலையில ஏறப்போறாங்கள். வயிறு வெறுமையா இருந்தா கலிபியேயில விழுந்திடுவாங்கள்" என்று கரவெட்டி அண்ணை விளக்கம் சொன்னார். அவர் எனக்கு முதலே அங்கே வந்து சேர்ந்தவர். கோப்பை கழுவத் தொடங்கி, நான் போன நேரம் ஷெவ்வுக்குப் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு சீவும் அளவுக்கு உயர்ந்திருந்தார். அந்தக் கோப்பைத் தொட்டி எனக்கு வந்தது.

அவர் சொன்னது மார்மொத் என்ற ஓட்டத்தைப் பற்றி. 1982 முதல் நடக்கிறது. பூரில் புறப்பட்டு கிளாந்தோன், தெலிகிராவ், கலிபியே கணவாய்களைக் கடந்து, 174 கிலோமீற்றரும் ஐயாயிரம் மீற்றர் ஏற்றமும் முடித்து அல்ப் துவேஸ் மலை உச்சியில் நிற்பது. பரிசுக்காக ஓடுகிறவர்கள் சிலபேர்தான். மிச்சம் எல்லாம் தபால்காரர், வாத்திமார், பல்வைத்தியர். வருடம் முழுக்க உழைத்து மிச்சம் பிடித்த விடுமுறையை இந்த ஒரு நாளில் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள். அவர்கள்மேல் எனக்கு அன்றும் மரியாதை இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஊரின் முழுப்பெயர் லு பூர் துவாசான். பிரான்சில் ஈசேர் மாவட்டத்தில், கிறெனோபிளிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றரில், கடல் மட்டத்துக்கு 720 மீற்றர் மேலே இருக்கிறது. சனத்தொகை மூவாயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். அகதி அட்டை கைக்கு வந்த பிறகு, பாரிஸில் லா சப்பல் தெருவில் நின்ற ஒருவர் தந்த முகவரித் துண்டோடு 1991 வசந்தத்தில் நான் அங்கே போனேன். கிறெனோபிளில் ரயிலால் இறங்கி பஸ் பிடிக்கவேண்டும். விசில் தாண்டியதும் மலை இரண்டு பக்கமும் நெருங்கி வரும். லிவே, ரியூபெரு என்ற ஊர்களெல்லாம் அந்த இடுக்குக்குள் கிடக்கின்றன. ஆற்றை ஒட்டித் துருப்பிடித்த தொழிற்சாலைகள், மலையிலிருந்து கீழே இறங்கும் பருத்த நீர்க்குழாய்கள், கண்ணாடி உடைந்த மண்டபங்கள். இத்தாலியரும் ஸ்பானியரும் போலந்துக்காரரும் ரஷ்யரும் வந்து உலை எரித்த இடம் அது. நீரிலிருந்து மின்சாரம் எடுத்து இரும்பும் அலுமினியமும் உருக்கினார்கள். வெயில் அந்த இடுக்குக்குள் இறங்க அஞ்சும். எங்கே கொண்டுபோய்த் தள்ளப்போகிறார்களோ என்று நெஞ்சு பதைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு வளைவில் மலைகள் விலகி, முன்னால் பச்சைப்பசேல் என்று ஒரு சமவெளி விரிந்தது.

மானிப்பாயில் பிறந்தவனுக்குச் சமதரை என்பது தாய்மடி. சுற்றிவர ஆயிரம் இரண்டாயிரம் மீற்றருக்குச் செங்குத்தாக மலை எழும்பி நிற்க, நடுவில் வரம்பு கட்டின வயல் அளவுக்கு மட்டமான தரை. புல் வெட்டிக் காயப்போட்டிருந்தார்கள். ஊருக்கு மேலே நிற்கும் பாறை முகத்தில் சுண்ணாம்புக்கல் படைகள் வளைந்து நெளிந்து தெரியும், யாரோ அவசரத்தில் மடித்து வைத்த சேலை மாதிரி. குசினியின் பின்கதவைத் திறந்தால் அந்தப் பாறைதான் முகத்துக்கு நேரே. குப்பை கொட்டப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன்.

அந்தத் தரை ஏன் அவ்வளவு மட்டம் என்று சொன்னவர் வெனோவைச் சேர்ந்த ஒரு கிழவர். வெனோ, பூருக்கு மேலே வெனெயோன் ஆற்றங்கரைக் கிராமம். அவர் சனிக்கிழமைச் சந்தைக்கு வந்து, அலுவல் முடிந்ததும் எங்கள் பாரில் ஒரு கிளாஸ் வெள்ளை வைனோடு மதியம் வரை இருப்பார். இந்தச் சமவெளி முழுக்க ஒருகாலம் ஏரி என்றார். 1191இல் எதிரெதிர் மலைகளிலிருந்து இறங்கிய கல்லும் மண்ணும் ரொமான்ஷ் ஆற்றைக் கீழே மறித்துவிட்டன. தண்ணீர் தேங்கித் தேங்கி, ஊருக்கே சான் லோரான் து லாக், அதாவது ஏரிக்கரை லோரான் என்ற பெயர் வந்துவிட்டது. 1219 செப்டெம்பர் 14 இரவு அந்த அணை உடைந்தது. தண்ணீர் இடுக்கால் பாய்ந்து, கீழே கிறெனோபிள் நகரத்தையே அடித்துக்கொண்டு போனது. எண்ணூறு வருடத்துக்கு முந்திய சங்கதியை, நேற்றுப் பக்கத்து வீட்டில் நடந்த சாவு வீட்டைப் பற்றிச் சொல்லும் குரலில் அவர் சொன்னார்.

அவரிடம்தான் பூக்காரர்களின் கதையையும் கேட்டேன். பூரைச் சுற்றியுள்ள ஒவாசான் மலையூர்களில் குளிர்காலம் ஆறு மாதம். விளைச்சல் அந்த ஆறு மாதத்துக்குப் போதாது. அதனால் இலையுதிர்காலத்தில் ஆம்பிளைகள் முதுகில் பெட்டியைச் சுமந்துகொண்டு ஊரைவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். துணி, ஊசி, கண்ணாடி, புத்தகம் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெனோக்காரர் பிடித்துக்கொண்ட சரக்கு பூ. விதையும் கிழங்கும் ரோசாக் கன்றும் கொண்டுபோய் விற்றார்கள். பூத்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு வர்ணம் தீட்டிய படத்தாள்களையும் கூடவே கொண்டுபோனார்கள். ரஷ்யா மட்டும் போனார்கள். கப்பலேறி அமெரிக்காக்கள் இரண்டுக்கும் போனார்கள். சிலர் வைக்கோல் வெட்டும் காலத்துக்குத் திரும்பினார்கள், சிலர் வருடக்கணக்கில் திரும்பவில்லை, சிலர் திரும்பவே இல்லை. அவருடைய பூட்டனார் அப்படிப் போனவர்களில் ஒருவர். காசு அனுப்பினார், கடிதம் போட்டார், பிறகு கடிதம் நின்றுபோனது.

நான் கோப்பையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை யார் எவர் என்று அந்தக் கிழவர் ஒருநாளும் துருவிக் கேட்டதில்லை. பாரிஸில் எல்லோரும் கேட்கிற "ஏன் வந்தாய்?" என்ற கேள்வியே அவர் வாயில் வரவில்லை. வீட்டை விட்டு வெளிக்கிட்டவன் எப்படி இருப்பான் என்பது அந்த மனிதருக்கு வம்சத்திலேயே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். "அங்கே அம்மா இருக்கிறாவா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். இருக்கிறா என்றேன். தலையை ஆட்டினார்.

சைக்கிளைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தானுக்குச் சைக்கிளைப் பற்றிப் பிரான்ஸ்காரர் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஐயாவின் றலி சைக்கிள் எங்கள் வீட்டின் இன்னொரு பிள்ளை. சங்கிலிக் கவசத்தோடு, பின்னுக்குப் பலமான கரியரோடு, ஞாயிற்றுக்கிழமை தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து விறாந்தையில் சாத்தி வைப்பார். 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கி, குடாநாட்டுக்கு மின்சாரமும் போய், பெற்றோலும் மறிபட்டபிறகு, அந்தச் சைக்கிள்கள்தான் ஊரைச் சுமந்தன. விறகு, மண்ணெண்ணெய், சீமெந்து, பிள்ளைப்பேற்றுக்காரி, சவப்பெட்டி எல்லாம் கரியரில் போயின. பற்றிக்கும் தடை. அதனால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். தம்பி பெடலைச் சுற்ற, ஐயா காதைக் கொடுத்துக் கேட்க, செய்தி முடியும் நேரம் பார்த்துத் தம்பி களைத்துப்போவான் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்.

நான் பூரைப் பற்றி அவருக்கு எழுதினேன். இங்கே சனம் கரியர் இல்லாத, மட்காட் இல்லாத, மணி இல்லாத சைக்கிளில், ஒரு சாமானும் ஏற்றாமல் மலைக்கு மேலே போகிறார்கள், போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள் என்று. கொழும்புக்கு வந்தவர் ஒருவர் கையில் கொடுத்துவிட்ட பதில் பல மாதம் கழித்து வந்தது. "ஏற்றத்தில் எத்தனை பல்லுச் சில்லுப் போடுகிறார்கள் என்று கேட்டு எழுது" என்று ஒரே ஒரு வரியில் கேட்டிருந்தார். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலம் அது. வாடகைச் சைக்கிள் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு பழைய பின்சில்லைக் கையில் எடுத்துத் தந்து பல்லுகளை எண்ணச் சொன்னார். எண்ணி எழுதினேன். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பது ஐயாவோடு போய்விட்டது.

மலையைப் பற்றிச் சைக்கிள் உலகத்தில் சொல்லாதவர் இல்லை. ஊர் எல்லையில் ரொமான்ஷ் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரம் சமதரை. பிறகு தெரு எழும்பி நின்றுவிடும். 13.8 கிலோமீற்றர், சராசரி எட்டு வீத ஏற்றம், இருபத்தொரு கொண்டையூசி வளைவு. கீழேயிருந்து 21, 20, 19 என்று எண் குறைந்துகொண்டு போகும். ஒவ்வொரு வளைவிலும் அங்கே வென்றவர் பெயர்ப்பலகை. 1952இல் தூர் து பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தின் ஒரு நாள் கட்டம் முதன்முதல் ஒரு மலை உச்சியில் முடிந்தது அங்கேதான். வென்றவர் இத்தாலியர் ஃபவுஸ்தோ கொப்பி. பிறகு இருபத்துநாலு வருடம் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. 1976இல் திரும்பி வந்தபோது வென்றவர் யோப் சூத்தமெல்க் என்ற ஒல்லாந்தர். அதிலிருந்து 1989 வரை ஒல்லாந்தர் எட்டுத் தடவை வென்றார்கள். சூத்தமெல்க் இரண்டு, ஹென்னி கைப்பர் இரண்டு, பீற்றர் வின்னன் இரண்டு, றூக்ஸ் ஒன்று, தேனிஸ ஒன்று. மலையே இல்லாத தேசத்தார் இந்த மலையைத் தங்களுடையது என்று எழுதிக்கொண்டார்கள்.

எங்களுக்கு ஒல்லாந்தர் என்றால் கோட்டை. 1658இல் பறங்கியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள், தேசவழமையை எழுதிவைக்கச் செய்தவர்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்த அந்த ஆட்களை நான் முதன்முதல் உயிரோடு கண்டது பூரில். செம்மஞ்சள் சட்டை போட்டு, முகம் வெயிலில் சிவந்து, காருக்குப் பின்னால் வண்டில் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். மூட்டையில் உருளைக்கிழங்கையும் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். கூடாரத் திடல்களில் அவர்களுடைய மொழிதான் கேட்கும். தூர் வரும் நாளுக்குச் சில நாள் முதலே ஏழாம் வளைவைப் பிடித்துவிடுவார்கள். பழைய தேவாலயத்துக்குப் பக்கத்து வளைவு அது. உச்சியில் இருக்கும் நோத்ர் தாம் தே நேஜ் தேவாலயத்தின் பாதிரியாராக இருந்தவரும் ஓர் ஒல்லாந்தரே. யாப் ரோய்தன் என்று பெயர். தன் நாட்டவர் வென்ற நாளில் தேவாலய மணியை அடிப்பார் என்று ஊர் முழுக்கச் சொல்லும். நான் போன பிறகு அந்த மணி அதற்காக அடிக்கவில்லை. புக்னோ, ஹாம்ஸ்ரன், கொன்ரி, பந்தானி என்று வேறு நாட்டவர் வென்றுகொண்டிருந்தார்கள். ஆனாலும் ஒல்லாந்தர் வந்துகொண்டேயிருந்தார்கள். வெல்கிறவனைப் பார்க்க வருகிற கூட்டமாக இருந்தால் ஐந்து வருடத்தில் கலைந்திருக்கும்.

2006இலிருந்து அவர்கள் யூன் மாதத்தில் இன்னொன்றையும் செய்கிறார்கள். புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்ப்பதற்காக ஒரே நாளில் அந்த மலையில் ஆறு தடவை வரை ஏறுகிறார்கள். இறந்துபோன தாயின் படத்தை, பிள்ளையின் படத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு ஏறுவார்கள். வளைவுகளில் மெழுகுதிரி ஏற்றிவைப்பார்கள். அதை நான் பிற்காலத்தில் ஒருமுறை போயிருந்தபோது நேரில் கண்டேன். அந்த மலையில் நடக்கிற எல்லா ஏற்றத்திலும் எனக்கு மேலானது அதுதான்.

தூர் வரும் நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. முதல்நாளே தெருவை மூடிவிடுவார்கள். விளம்பர வண்டிகள் தொப்பியும் சாவிக்கொத்தும் வீசிக்கொண்டு போகும். ஹெலிகொப்ரர் சத்தத்தில் கிளாஸ் அதிரும். ஓட்டக்காரர் சமவெளியைக் கடந்து பாலத்தைத் தாண்டுவது ஒரு கண நேரம். மிச்சத்தை ஊரே பாரில் உள்ள ரெலிவிஷனில்தான் பார்க்கும். எனக்குப் பிடித்தது முதல்நாள் இரவு. பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் யூலை இரவில், ஊரின் ஒவ்வொரு முற்றத்திலும் யாரோ ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். ஜேர்மன்காரர் ஸ்பானியருக்கு ரியூப் ஒட்டிக் கொடுப்பார். நாளைக்கு ஏறப்போகிறவர்களுக்கு அன்றிரவு ஒரு பணிவு இருக்கும். ஏறி இறங்கி வந்தவர்களிடம் அதைக் காணமுடியாது. அவர்கள் நேரக்கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தூர் நாளை மட்டும் மறக்கமுடியாது. 1995 யூலை. 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் விமானம் குண்டு போட்டு நூறுக்கு மேற்பட்டோர் செத்துப்போனார்கள். நவாலி எங்கள் மானிப்பாய்க்குப் பக்கத்து ஊர். கோயிலடியால் சைக்கிள் மிதித்துப் போனால் பத்து நிமிடம். சேதி எனக்குப் பாரிஸிலிருந்து போனில் வந்தது. பெயர்கள் ஒன்றும் வரவில்லை. 12ஆம் திகதி தூர் அல்ப் துவேஸுக்கு வந்தது. ஊர் நிரம்பி வழிந்தது. நான் தொட்டிக்குள் கையை விட்டபடி நின்றேன். தட்டுகள் வந்துகொண்டேயிருந்தன. பின்னேரம் பாருக்குள்ளிருந்து பெரிய ஆரவாரம் எழும்பியது. மார்க்கோ பந்தானி என்ற மொட்டைத்தலை இத்தாலியப் பெடியன் மற்றவர்களை விட்டுவிட்டுத் தனியே ஏறிக்கொண்டிருந்தான். கரவெட்டி அண்ணை வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, "நீ போய்ப் பார், நான் கழுவுறன்" என்றார். போய் நின்றேன். அந்தப் பெடியனின் முகம் திரையில் பெரிதாக வந்தது. அவன் வலியை மறைக்கவே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் நானும் பந்தானிக்காக அழுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

பந்தானியின் ஓட்டத்தைப் பற்றிப் பின்னாளில் எத்தனையோ கேள்விகள் எழுந்தன. அந்தக் காலத்து ஓட்டக்காரர் இரத்தத்தில் என்ன இருந்தது என்று இன்று எல்லோருக்கும் தெரியும். 2004இல் ரிமினியில் ஒரு ஹோட்டல் அறையில் தனியே இறந்துகிடந்தார். எது எப்படியோ, அந்தப் பின்னேரம் அந்த முகம் எனக்குத் துணைநின்றது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அதே வருடம் ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. அப்போது பூரில் சீசன் முடிந்து, கடைகள் பூட்டி, மழை பெய்துகொண்டிருந்தது. இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தால் அடி அடியாக நகர்ந்தார்கள். ஐயா அந்த றலி சைக்கிளை ஏறி மிதிக்க இடமில்லாமல் விடியவிடிய உருட்டிக்கொண்டு போனாராம். கரியரில் அரிசி, ஹாண்டிலில் ஒரு பக்கம் லாம்பு, மறுபக்கம் ஆச்சியின் மருந்துப் பை. அம்மா பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தாவாம். சாவகச்சேரி போய்ச் சேர்ந்தபோது முன் ரயர் தேய்ந்து கம்பி தெரிந்ததாம். வெனோக் கிழவருக்கு இதைச் சொன்னேன். அவர் வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது கிளாஸ் கேட்டு, அதை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் அங்கிருந்து தொண்ணூறுகளின் கடைசியில் பாரிஸுக்குத் திரும்பினேன். கலியாணம், பிள்ளைகள், வேலை. அண்ணை லியோனில் கடை போட்டார். கிழவர் இறந்த செய்தி ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். நாங்கள் வேலை செய்த இடம் கைமாறி, குசினியின் பின்கதவு இருந்த பக்கம் சுவராகிவிட்டது. இரும்புச் சைக்கிள் போய் அலுமினியம் வந்து, அது போய்க் கார்பன் வந்தது. இப்போது பற்றிச் சைக்கிளில் எழுபது வயதுக்காரரும் இருபத்தொரு வளைவையும் ஏறிவிடுகிறார்கள். அதில் எனக்கு மனக்குறை ஒன்றுமில்லை. ஏறட்டும். ஆனால் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து எண்ணெய் விட்ட அந்தக் கூட்டம் இல்லை. ஒவ்வொருவரும் தன் தன் கணக்குப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

மனிதர் செய்த மாற்றம் இது. மலையும் மாறிவிட்டது. பூருக்கு மேலே சரென் என்ற பனியாறு இருந்தது. அதிலிருந்து வரும் ஓடை ஊர்ப்பக்கத்தில் நீர்வீழ்ச்சியாக விழும். 1949 முதல் வருடம் தவறாமல் விஞ்ஞானிகள் அந்தப் பனியாற்றை அளந்தார்கள். ஆல்ப்ஸ் மலைகளிலேயே இவ்வளவு நீண்டகாலம் அளக்கப்பட்டவை மிகச் சில. அளந்துகொண்டிருக்கும்போதே அது தேய்ந்து, இந்தப் பத்தாண்டில் அளப்பதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. 2015 ஏப்ரலில் ஷம்போன் அணைக்கட்டுச் சுரங்கத்துக்கு மேலே மலை சரியத் தொடங்கி, பூரையும் லா கிறாவையும் இணைக்கும் பெருந்தெரு மூடப்பட்டது. அக்கரை ஊர்களில் இருந்து வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வருகிறவர்கள் அணைக்கட்டு ஏரியைப் படகால் கடந்தார்கள். அந்த வருடம் தூரின் பாதையையே மாற்றவேண்டி வந்தது. லிவே இடுக்கில் நின்ற பழைய மின்நிலையங்களின் வேலையை 2020இலிருந்து மலையைக் குடைந்து கட்டிய ஒரே நிலையம் பார்க்கிறது. பஸ்ஸில் போகும்போது என்னைப் பயமுறுத்திய அந்தத் துருப்பிடித்த மண்டபங்களை உடைக்கிறார்கள் என்று கேட்டபோது மனம் கனத்தது. அங்கே உலை எரித்த போலந்துக்காரனுக்கும் ரஷ்யனுக்கும் வேறு எங்கே நினைவுக்கல் இருக்கிறது? வெர்ன் மின்நிலையத்தை மட்டும், அழகான படிக்கட்டும் முகப்பும் உள்ளதால், பாதுகாக்கப்பட்ட சின்னமாக வைத்திருக்கிறார்கள். மலைமேல் ஏறியவனுக்கு வளைவுக்கு வளைவு பெயர்ப்பலகை வைக்கத் தெரிந்த பள்ளத்தாக்கு, தன் அடிவாரத்தில் உழைத்தவனுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கலாம்.

பிறகு 2024. யூன் 20 இரவு பெருமழை. வெனோவைத் தாண்டி, தெரு முடிகிற இடத்தில் லா பெரார்ட் என்ற குக்கிராமம். மலையேறிகளுக்கு நூற்றைம்பது வருடமாகத் தாய்வீடு. வேகமாக உருகிய பனியும் மழையும் சேர்ந்து, மேலே பொன்பியேர் பனியாற்றின்மேல் தேங்கியிருந்த ஏரியும் வடிந்து, எத்தான்சோன் ஓடை கல்லோடும் மரத்தோடும் ஊருக்குள் இறங்கியது. இருந்த சனத்தை ஹெலிகொப்ரரால் ஏற்றினார்கள். ஊர் தப்பவில்லை. கோடையில் ஓய்வு நாள் கிடைத்தால் முதலாளியின் வானில் ஏறிச் சாமான் இறக்க நான் அங்கே போவேன். தெரு அவ்வளவு ஒடுக்கம், எதிரே இன்னொரு வாகனம் வந்தால் ஒருவர் பின்னுக்குப் போகவேண்டும். வெனோக் கிழவரும் சின்ன வயதில் அங்கேதான் மலையேறிகளுக்குச் சுமை தூக்கினாராம். படத்தில் பார்த்தேன். வீடுகள் நின்ற இடத்தில் சாம்பல்நிறக் கல்.

அதே கோடையில், ஓகஸ்ட் 18ஆம் திகதி, பெண்களின் தூர் அல்ப் துவேஸில் முடிந்தது. டெமி வொலரிங் என்ற ஒல்லாந்துப் பெண் மலையை வென்றார். தேனிஸவுக்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் கழித்து ஓர் ஒல்லாந்தர். ஆனால் முழு ஓட்டத்தையும் நாலே நாலு செக்கன் வித்தியாசத்தில் போலந்தின் காசியா நியெவியாடோமாவிடம் இழந்தார். நான் வீட்டில் ரெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வளைவு செம்மஞ்சளாகவே இருந்தது. முடிந்த கையோடு லியோனிலிருந்து போன் வந்தது.

"பாத்தனியே?"

"பாத்தனான் அண்ணை. நாலு செக்கன்."

"அதை விடு. லா பெரார்டில நாங்கள் பாண் இறக்கின வீடு இருக்கோ?"

"படத்தில தெரியேல்லை."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வாற வருசம் யூனில போவம். ஒல்லாந்தர் ஏறுற கிழமை. தெரு எது மட்டும் திறந்திருக்கோ அது மட்டும் போவம்" என்றார்.

"உங்கட முழங்கால்?"

"முழங்கால் கிடக்கட்டும். கிறெனோபிளில இருந்து பஸ் போகுதுதானே. பஸ் நேரத்தை மகளிட்டைச் சொல்லிப் பாத்து வை. அறையும் இப்பவே சொல்லிவைக்க வேணும், அந்தக் கிழமை ஊரில இடம் கிடையாது."